பதினாறாயிரம் படிகள்

சத்யப்பிரியாவின் அப்பா திருமுருகன் லேசில் பயப்படுகிற ஆள் இல்லை. குறுகலான ரோட்டில் எதிரே கரும்பு லாரி வந்தாலும் சரி, பஸ்ஸுக்குள் பாம்பு புகுந்துவிட்டது என்று யாராவது கத்தினாலும் சரி, ஸ்டியரிங்கைப் பிடித்த கை நடுங்காது. செட்டிகுளத்துக்கும் பாடாலூருக்கும் நடுவே மினி பஸ் ஓட்டுகிறார். "திருமுருகன் வண்டின்னா கண்ணை மூடிக்கிட்டு ஏறலாம்" என்பார்கள் ஊரில்.

ஊசி விஷயம் மட்டும் வேறு.

சுகாதார நிலையத்தில், விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுக்க வேண்டும் என்றார்கள். திருமுருகன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். இன்னொரு கையால் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டார். பத்து வயதுத் தோள் அது. இரண்டு நாள் வலித்தது.

நர்ஸ் நந்தினி கருவியைப் பார்த்தார். முகம் மாறியது.

"அண்ணே, வெறும் வயித்துல இருநூத்திப் பத்து இருக்கு. மாத்திரைய ஒழுங்கா போடுறீங்களா?"

"போடுறேம்மா."

"நடக்குறீங்களா?"

"எங்கம்மா நடக்குறது? காலையில ஆறரைக்கு வண்டிய எடுத்தா வூட்டுக்குத் திரும்ப ராத்திரி எட்டாயிடுது."

"உக்காந்துக்கிட்டே இருந்தா சர்க்கரை எப்படிண்ணே இறங்கும்? ஒரு மாசம் தினமும் நடங்க. இனிப்பத் தொடாதீங்க. அடுத்த மாசம் பாக்கும்போது நூத்தி அறுபதுக்குள்ள வரலன்னா டாக்டர் ஊசி எழுதிடுவாரு. தினமும் வயித்துல நீங்களே போட்டுக்கணும்."

திருமுருகன் தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"இன்னொண்ணும் சொல்றேன்" என்றார் நந்தினி. "சர்க்கரை இப்படியே நின்னா கண்ணு மங்கும், காலு மரத்துப்போகும். நீங்க பிரேக் மிதிக்கிற ஆளு. உங்களை நம்பி முப்பது பேரு ஏறுறாங்க."

பிறகு அவர் சத்யப்பிரியா பக்கம் திரும்பினார். "பாப்பா, அப்பா நடக்குறாரான்னு நீதான் பாத்துக்கணும். என்ன?"

சத்யப்பிரியா தலையாட்டினாள். அன்றிலிருந்து அது அவளுடைய வேலையாகிவிட்டது.

மூன்று நாள் வேலை நன்றாகத்தான் நடந்தது. விடியற்காலை ஐந்தரை மணிக்கு அவள் அப்பாவின் போர்வையை உருவுவாள். அவர் முனகிக்கொண்டே எழுவார். ஏரிக்கரை வரை போய்த் திரும்புவார்கள். வழியெல்லாம், "நீ எனக்குப் பொண்ணா, இல்ல ஓனரா?" என்று கேட்டுக்கொண்டே வருவார்.

நான்காம் நாள் அந்தச் சின்னப் பெட்டி வந்தது.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அறிவரசன் மாமா, ஊருக்கு வந்த நண்பரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். திறந்தால் உள்ளே ஒரு வாட்ச். கறுப்புப் பட்டை, சதுர முகம். தொட்டால் ஒளிர்ந்தது.

மாமா வீடியோ காலில் வந்தார். "மச்சான், கையில கட்டிக்கங்க. எத்தனை அடி எடுத்து வெச்சீங்கன்னு அதுவே எண்ணும். நெஞ்சு துடிக்கிறதயும் காட்டும். ஒரு நாளைக்குப் பத்தாயிரம் போதும், சர்க்கரை ஓடிப்போயிடும்!"

சத்யப்பிரியா வாட்சின் மொழியைத் தமிழுக்கு மாற்றிக் கொடுத்தாள். திரையில் எழுத்து வந்தது: *இன்று 12 படிகள்.*

அம்மா சுகன்யா எட்டிப் பார்த்தாள். "படியா? நெல்லு அளக்குற படியா?"

"இல்லம்மா. ஸ்டெப்னா அடின்னு போட்டிருக்கணும். படின்னு போட்டுட்டாங்க."

"இருக்கட்டும், இருக்கட்டும்" என்றார் அப்பா. இடது கையில் கட்டிக்கொண்டு இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "படின்னா கேக்க நல்லாத்தான் இருக்கு."

மறுநாள் இரவு எட்டு மணிக்கு அப்பா வீட்டுக்குள் வந்ததே ஒரு தினுசாக இருந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார். வாசலிலேயே நின்று கையை நீட்டினார்.

"பாரு."

*இன்று 16,040 படிகள். வாழ்த்துகள்! இலக்கை அடைந்துவிட்டீர்கள்!*

எழுத்துக்குப் பின்னால் குட்டிக் குட்டியாக வாணவேடிக்கை வெடித்தது.

"பதினாறாயிரமா!" சத்யப்பிரியாவால் நம்ப முடியவில்லை. "எப்பப்பா நடந்தீங்க?"

"டீ குடிக்கப் போனேன், டயரப் பாத்தேன், ட்ரிப்பு நேரம் பதிய டைம் ஆபீசுக்குப் போனேன். எல்லாம் கணக்குத்தான? நமக்கே தெரியாம அவ்வளவு நடக்குறோம்!"

அடுத்த நாள் காலை ஐந்தரைக்கு அவள் போர்வையை உருவியபோது அப்பா திருப்பி இழுத்துக்கொண்டார்.

"அதான் பகல்லயே பதினாறாயிரம் ஆகுதே. அப்புறம் ஏரிக்கரைக்கு எதுக்கு?"

வாட்ச் பதினாறாயிரம் என்கிறது, மாமா பத்தாயிரமே போதும் என்றார். அவள் திரும்பவும் படுத்துக்கொண்டாள்.

பஸ் நிறுத்தத்தில் வைரக்கண்ணுவின் டீக்கடை இருக்கிறது. ஒரு வாரத்துக்குள் அந்த வாட்ச் டீக்கடை முழுக்கப் பிரபலமாகிவிட்டது.

"இன்னிக்கு எத்தனை படி, டிரைவரே?" என்று வைரக்கண்ணு கேட்பார்.

"பதினஞ்சாயிரத்தித் தொளாயிரம்."

"அடேங்கப்பா! நம்ம முருகன் மலைய அம்பது அறுபது தடவ ஏறுன மாதிரியில்ல!"

எல்லோரும் சிரிப்பார்கள். அப்பாவும் சிரிப்பார். அப்படியே கண்ணாடி ஜாடிக்குள் கையை விட்டு ஒரு பாதுஷாவை எடுப்பார். பள்ளி விட்டு வரும் வழியில் சத்யப்பிரியா அதைப் பார்த்துவிட்டாள்.

"அப்பா! இனிப்பு!"

"பதினாறாயிரம் படி ஏறுனவன ஒரு பாதுஷா என்ன பண்ணிடும்?" என்றார் அப்பா. பாதியைப் பிய்த்து அவளிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. பாதுஷாவை வேண்டாம் என்று சொன்னது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அந்த வாரம் புதன்கிழமை. அப்பாவுக்குப் புதன்தோறும் ஓய்வு. மாற்று டிரைவர் வண்டி எடுப்பார். அப்பா பாயில் படுத்திருக்க, அம்மா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"இந்தாங்க, இன்னிக்கு ஒரு நாளு அத நான் கட்டிப் பாக்குறேன்" என்றாள்.

"கட்டிக்க, கட்டிக்க."

அம்மாவுக்குச் சின்ன வெங்காயக் காட்டில் களை எடுக்கும் வேலை. காலை எட்டு மணிக்குக் குந்தினால், மதியச் சாப்பாட்டைத் தவிர, மாலை நான்கு வரை குந்தியபடியே நகர்ந்து நகர்ந்து போக வேண்டும். வலது கையில் களைக்கொத்து. இடது கை பிடுங்கிய களையைச் சேர்த்துப் பிடித்திருக்கும்.

மாலையில் அவள் வந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். முகத்தில் வெயில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. கையில் வாட்ச் அதிர்ந்தது. சத்யப்பிரியா படித்தாள்.

*நீண்ட நேரமாக அமர்ந்திருக்கிறீர்கள். எழுந்து நடங்கள்!*

"காலையிலேருந்து இதத்தான் சொல்லிக்கிட்டே இருக்கு" என்றாள் அம்மா. "பக்கத்து வரிசையில இருந்தவளுங்க எல்லாம் என்னக்கா கையில வண்டு கத்துதுன்னு கேக்குறாளுக."

"எத்தனைன்னு பாரு பாப்பா" என்றார் அப்பா.

"ஆயிரத்தி எழுநூறு."

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். "பாத்தியா சுகன்யா? இடுப்பு வலி இடுப்பு வலின்னு நீ சொல்ற. வாட்சு வேற மாதிரியில்ல சொல்லுது! நான் பதினாறாயிரம், நீ ஆயிரத்தி எழுநூறு. யாரு வேலை செய்யுறாங்கன்னு இப்பத் தெரியுதா?"

அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார். ஆனால் அம்மா சிரிக்கவில்லை. வாட்சைக் கழற்றி அவர் பக்கத்தில் வைத்தாள்.

"நல்லாத் தெரியுது" என்றாள். குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.

சத்யப்பிரியாவுக்கு அப்போதுதான் உள்ளே ஏதோ உறுத்தியது. அம்மா பொய் சொல்கிறவள் இல்லை. அந்த இடுப்பும் பொய் சொல்லாது. அப்படியானால்?

மறுநாள் பள்ளி விட்டு வந்ததும் அவள் வீட்டிலிருந்தபடியே பாடாலூர் போன அப்பாவுக்காகக் காத்திருந்தாள். இரவு எட்டு மணிக்கு அவர் வந்து கைகால் கழுவப் போனார். வாட்ச் அலமாரி மேல் இருந்தது. அவள் அதைத் தன் கையில் கட்டினாள். எண்ணைக் குறித்துக்கொண்டாள்.

முதலில் காலிக் குடத்தை இடுப்பில் வைத்து, இடது கையால் அணைத்துப் பிடித்தபடி வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள். வாயால் எண்ணினாள். அறுபது அடி.

வாட்ச் நான்கு என்றது.

"என்னடி பண்ற?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா."

பிறகு ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். இடது கையால் விசிறிக்கொண்டாள். நூறு தடவை விசிறினாள். கால் அசையவே இல்லை.

வாட்ச் தொண்ணூற்றொன்று ஏறியிருந்தது.

சத்யப்பிரியா நோட்டைக் கீழே வைத்துவிட்டு வாட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இதற்குக் காலைத் தெரியாது. கையை மட்டும்தான் தெரியும். அப்பாவின் இடது கை நாள் முழுக்க எங்கே இருக்கிறது? கியர் கம்பியின் மேல். அந்த வண்டியில் கியர் கம்பி எப்படி ஆடும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் நினைப்பது வேறு, தெரிந்துகொள்வது வேறு. ஞாயிற்றுக்கிழமை காலை அவள் அப்பாவுடன் கிளம்பிவிட்டாள்.

"ஒரு ட்ரிப்பு நானும் வரேன்பா. வாட்ச நான் கட்டிக்கிறேன்."

"ஒரு ட்ரிப்புதான். என் கணக்குல குறைஞ்சிடும்" என்றார் அப்பா, அரை மனதோடு கழற்றியபடி.

இன்ஜின் பெட்டிக்குப் பக்கத்துச் சீட்டில் அவள் உட்கார்ந்தாள். கண்டக்டர் மணிமாறன் வந்தான்.

"பாப்பா, டிக்கெட்டு?"

"டிரைவர் பொண்ணுக்குமா?"

"டிரைவரே எடுக்கணும். நேத்து அவரு போட்ட பிரேக்குல பஸ்ஸே என் மேல விழுந்துச்சு."

"கம்பியப் புடிச்சுக்கிட்டு நிக்கத் தெரியாதவனுக்கெல்லாம் பேச்சப் பாரு" என்றார் அப்பா கண்ணாடி வழியாக.

வண்டி கிளம்பியது. குழாய் பதிக்கத் தோண்டிய ரோடு. மூடிவிட்டுப் போனவர்கள் மண்ணை மட்டும்தான் போட்டிருந்தார்கள். மினி பஸ் குலுங்கியது, குதித்தது, ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. சத்யப்பிரியா இடது கையை முன்னால் இருந்த கம்பியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். தாகம் எடுத்தும் தண்ணீர் பாட்டிலைக்கூட எடுக்கவில்லை.

வழியில் ஓர் ஆள் ஏறினார். "திருமுருகா, வாட்ச எங்க? இன்னிக்கு எத்தனை படி?"

"பொண்ணு கட்டியிருக்கு. சாயங்காலம் கேளுங்க, பதினாறாயிரம் சொல்றேன்."

சத்யப்பிரியா வாட்சைப் பார்த்தாள். எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. உண்மை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் பஸ்ஸில் இருபது பேர் இருந்தார்கள். அப்பாவின் பின்னங்கழுத்து எவ்வளவு நிமிர்ந்திருக்கிறது என்பதையும் அவள் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

பாடாலூரில் எல்லோரும் இறங்கினார்கள். மணிமாறன் தண்ணீர் பிடிக்கப் போனான். பஸ்ஸில் அப்பாவும் அவளும் மட்டும் இருந்தார்கள்.

"அப்பா, நான் ஆயிரத்தித் தொளாயிரத்து நாப்பது படி நடந்துட்டேன்."

"சபாஷ்!" என்றார் அப்பா. பிறகு கை ஸ்டியரிங்கில் அப்படியே நின்றது. "எப்ப நடந்த? நீ இங்கனதான உக்காந்திருந்த?"

வாட்சைக் கழற்றி அவரிடம் நீட்டினாள்.

அப்பா அந்த எண்ணைப் பார்த்தார். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். "ஒரு நாளைக்கு எட்டு ட்ரிப்பு... ஆயிரத்தித் தொளாயிரத்து நாப்பது... எட்டால பெருக்குனா..."

"பதினஞ்சாயிரத்து ஐந்நூத்தி இருபது" என்றாள் சத்யப்பிரியா மெதுவாக.

"அப்ப நான் நடந்தது?"

"டீக்கடைக்கும் டைம் ஆபீசுக்கும் போனதுதான்பா."

அப்பாவின் முகம் சிவந்துவிட்டது. "பொய் வாட்சு! உன் மாமன் எங்கேயோ ஏமாந்து வாங்கியிருக்கான். பத்து நாளாச்சு... பத்து நாளும் வீணு. போ, இனிமே நடந்து என்ன ஆகப்போகுது? ஊசியே குத்திக்கிறேன்."

வீட்டுக்குப் போனதும் வாட்சை ஆணியில் மாட்டினார். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் வாட்சும் இல்லை, நடையும் இல்லை. டீக்கடையில் கேட்டவர்களிடம், "சார்ஜ் இல்ல" என்று சொல்லிவிட்டார்.

சத்யப்பிரியா யோசித்தாள். அப்பாவிடம் "நடங்கள்" என்று சொன்னால் கோபம் வரும். "இனிப்புச் சாப்பிட்டது தப்பு" என்று சொன்னால் இன்னும் கோபம் வரும். செவ்வாய் இரவு சாப்பிடும்போது அவள் வேறு மாதிரி ஆரம்பித்தாள்.

"அப்பா, வாட்சு கெட்டுப்போச்சுன்னா மாமாகிட்ட சொல்லி மாத்தலாம்ல?"

"சொல்லு."

"நல்லாப் பாத்துட்டுத்தான் சொல்லணும். நடந்தாலும் தப்பாக் காட்டுதா, இல்ல பஸ்ஸுல மட்டும் தப்பாக் காட்டுதான்னு மாமா கேப்பாரு. நீங்கதான் செக் பண்ணணும். வண்டிய எடுக்குறதுக்கு முன்னாடி எல்லாம் செக் பண்ணுவீங்கள்ல, அது மாதிரி."

அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். செக் பண்ணுவது என்றால் அவருக்குப் பிடிக்கும். "எப்படிப் பண்றது?"

"படின்னுதான போட்டிருக்கு? நம்ம மலையில படி இருக்குல்ல. ஏறிப் பாப்போம். நீங்க எண்ணுங்க, அதும் எண்ணட்டும்."

அம்மா தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்கினாள்.

புதன்கிழமை காலை. பள்ளிக்கு அன்று விடுமுறை. முருகன் மலை அடிவாரத்தில் அப்பா வாட்சைக் கட்டிக்கொண்டார். மலைக்கு மொத்தம் எத்தனை படி என்று செட்டிகுளத்தில் கேட்டால் ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்வார்கள். அதனால் நூறு மட்டும் எண்ணுவதென்று முடிவு செய்தார்கள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு..." அப்பா உரக்க எண்ணிக்கொண்டு ஏறினார். ஐம்பது வரை குரல் கணீரென்று இருந்தது. அறுபதில் கொஞ்சம் இறங்கியது. எண்பதில் எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவே மூச்சு புகுந்தது.

"தொண்ணூத்தி... எட்டு. தொண்... ஒம்பது. நூறு!"

படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சட்டை நனைந்திருந்தது.

சத்யப்பிரியா வாட்சைப் பார்த்தாள். "தொண்ணூத்தி ஏழுப்பா!"

"மூணுதான் குறையுதா?"

"மூணுதான்."

"அப்ப வாட்சு சரியாத்தான் இருக்கு."

"கைய வீசி நடந்தா சரியாச் சொல்லுதுப்பா. பஸ்ஸு குலுங்குனா அதுக்கு வித்தியாசம் தெரியல. அம்மா குந்திக்கிட்டு வேலை செஞ்சாலும் தெரியல."

அப்பா கீழே பார்த்தார். ஊர் சின்னதாகத் தெரிந்தது. வெங்காயக் காடுகள் பச்சைச் சதுரங்களாகக் கிடந்தன. ஒரு காட்டில் வண்ண வண்ணப் புடவைகள் வரிசையாகக் குந்தியிருந்தன. அதில் ஒன்று அம்மாவாக இருக்கலாம்.

நூறு படிக்கே இப்படி மூச்சு வாங்குகிறது. பதினாறாயிரம் என்று டீக்கடையில் எத்தனை தடவை சொன்னோம் என்று அவர் நினைத்தாரோ என்னவோ, காது மடல் சிவந்தது. ஆனால் சத்யப்பிரியா அவரைப் பார்க்காமல் வாட்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க நெஞ்சு நிமிஷத்துக்கு நூத்தி நாப்பத்தி ரெண்டு தடவ அடிக்குதுப்பா. நூறுக்கு வரட்டும். அப்புறம் எழுந்திருக்கலாம்."

"ஓ, அதுக்கு வேற உன் உத்தரவா?"

எண் மெதுவாக இறங்கியது. நூற்று முப்பது. நூற்றுப் பதினைந்து. நூறு. அப்பா எழுந்தார். கீழே இறங்குவார் என்றுதான் சத்யப்பிரியா நினைத்தாள். அவர் மேலே பார்த்தார்.

"இவ்வளவு தூரம் வந்துட்டு முருகனப் பாக்காம போனா நல்லாவா இருக்கும்?"

நடுவில் மூன்று தடவை உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார்கள்.

அன்று சாயங்காலம் அம்மா காட்டிலிருந்து வருவதற்கு முன் அப்பா குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். தெருவில் இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். மூன்று நடை தூக்கி வந்து, வீட்டுக்குள் வந்ததும் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"பாப்பா! மூணு குடத்துக்கும் சேத்து பதினோரு படிதான் ஏறியிருக்கு!"

அப்போதுதான் உள்ளே நுழைந்த அம்மா சொன்னாள்: "எனக்குத் தினமும் அப்படித்தான்."

அப்பா தலையைச் சொறிந்தார். "உன் வேலைய எண்ண அதுக்குத் தெரியல சுகன்யா. எனக்கும்தான்."

அன்று இரவு அப்பாவுக்குப் பிடித்த சுண்டைக்காய் வற்றல் குழம்பு கொதித்தது.

மறுநாளிலிருந்து ஒரு புதிய சட்டம் வந்தது. பஸ்ஸில் ஏறும்போது வாட்ச் கையில் இருக்கக் கூடாது. காலையில் நடக்கும்போது மட்டும் கட்டிக்கொள்வது. ஏரிக்கரைக்குப் போய் வந்தால் மூவாயிரத்துச் சொச்சம் காட்டியது. வாணவேடிக்கை எல்லாம் வெடிக்கவில்லை. ஐந்தாம் நாள் அப்பா இன்னும் கொஞ்ச தூரம், அந்தப் பக்கத்து மதகு வரை நடந்தார்.

டீக்கடையில் வைரக்கண்ணு விடுவதாக இல்லை. "என்ன டிரைவரே, சார்ஜ் போட்டாச்சா? எத்தனை படி?"

"மூவாயிரத்தி நானூறு" என்றார் அப்பா.

"என்னய்யா, பதினாறாயிரத்துலேருந்து இப்படி விழுந்துட்ட?"

"அது ரோடு ஏறுன படி. இது நான் ஏறுனது" என்றார் அப்பா. "சர்க்கரை போடாம ஒரு டீ கொடுங்க."

கடையில் ஒரு சிரிப்பு எழுந்தது. அப்பாவும் சேர்ந்து சிரித்தார். பாதுஷா ஜாடி பக்கம் அவர் பார்த்தார். பார்த்ததோடு சரி.

மாதம் முடிந்தது. சுகாதார நிலையத்து பெஞ்சில் அப்பா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு வந்த சத்யப்பிரியா. பன்னிரண்டு நாள்தான் உருப்படியாக நடந்திருக்கிறார்கள். அது போதுமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

நர்ஸ் நந்தினி விரலைப் பிடித்தார். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். கருவி கீச்சென்று கத்தியது.

"நூத்தி அறுபத்தி நாலு."

நூற்று அறுபதுக்குள் வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நான்கு கூடுதல். சத்யப்பிரியா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெசமாவே நடந்தீங்களாண்ணே?" என்று கேட்டார் நந்தினி.

"கடைசிப் பன்னெண்டு நாளுதாம்மா நான் ஒழுங்கா நடந்தேன். அதுக்கு முன்னாடி நடந்ததெல்லாம் பஸ்ஸு."

"என்னது?"

"அது பெரிய கதம்மா."

நந்தினி ஒன்றும் புரியாமல் சீட்டை எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குள் போனார். கதவு மூடியது. சுவர்க் கடிகாரத்தின் முள் நகரவே இல்லை என்று தோன்றியது. அப்பாவின் கை தானாக வந்து மகளின் தோளில் உட்கார்ந்தது. அழுத்தியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கதவு திறந்தது.

"பன்னெண்டு நாளுல இவ்வளவு இறங்குனா, முழுசா நடந்தா இன்னும் இறங்கும்னு சொல்றாரு டாக்டர். மாத்திரை மட்டும் அப்படியே தொடருங்க. ஊசி இப்ப வேணாம். அடுத்த மாசம் பாக்கலாம்."

அப்பா எழுந்த வேகத்தில் பெஞ்சு ஆடியது. "வரேம்மா! ரொம்ப நன்றிம்மா!" என்று சொல்லிக்கொண்டே வாசலுக்கு வந்துவிட்டார்.

வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வீடு ஒன்றரைக் கிலோமீட்டர். இருவரும் ரோட்டோரமாக நடந்தார்கள். கொஞ்ச தூரத்தில் பின்னாலிருந்து ஹாரன் சத்தம். அவர்களுடைய மினி பஸ்தான். அன்று புதன்கிழமை ஆனதால் மாற்று டிரைவர் ஓட்டிக்கொண்டு வந்தார். பக்கத்தில் வந்து நின்றது. படிக்கட்டில் தொங்கிய மணிமாறன் கத்தினான்.

"அண்ணே, ஏறுங்க! முன்சீட்டே காலியாக் கெடக்கு!"

சத்யப்பிரியா ஆசையோடு சீட்டைப் பார்த்தாள். நிழலாக இருந்தது.

"நீ போடா. நாங்க பொடி நடையா வந்துடுறோம்" என்றார் அப்பா.

"பாப்பா பாவம்ணே!"

"பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது. நீ ரைட் கொடு."

மணிமாறன் விசில் அடித்தான். பஸ் செம்புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

"அப்பா, எனக்குக் காலு வலிக்குது" என்றாள் சத்யப்பிரியா.

"இதோ அந்தப் புளியமரம் வரைக்கும்தான். அப்புறம் வூடு வந்துடும். வா, வா."

புளியமரத்துக்கு அப்புறமும் வீடு வெகு தூரம் என்று இருவருக்குமே தெரியும். அவள் செருப்பில் புகுந்த கல்லை உதறிவிட்டு நிமிர்ந்தபோது, அப்பா கையை வீசிக்கொண்டு எங்கேயோ போயிருந்தார். சத்யப்பிரியா ஓடிப்போய்த்தான் அவரைப் பிடிக்க வேண்டியிருந்தது.